அலையில் ஏறுமுன் தரையில் தயாராகுங்கள்



சித்திரை விடுமுறையில் பொத்துவிலிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்த சம்பவம் இது. அஸர் நேரம். பதினாறு வயதான அவளுடைய மகன் ஈர உடுப்போடு பின்வாசலால் வந்து திண்ணையில் அப்படியே சரிந்துவிட்டான். தேநீர்க் கோப்பையை நீட்டினால் கையைத் தூக்க முடியவில்லை. தோள்மூட்டு இரண்டும் நடுங்கின.

"பாருங்க ராத்தா, உல்லைக் கடலுக்குப் போய்ச் சறுக்கிட்டு வாறான். சொன்னாக் கேக்கிறானா?" என்று தங்கை கத்தத் தொடங்கினாள்.

பிள்ளையோ என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "பெரியம்மா, பலகையில நிக்கிறது பெரிய வேலையில்ல. அலை இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்றதுதான் ஏலாமப் போச்சு."

அவன் அன்று பாதி வழியிலேயே களைத்துப் போயிருக்கிறான். கை ஓய்ந்ததும் நீரோட்டம் அவனை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவ்வூர் வாலிபர் ஒருவர்தான் பலகையைத் தள்ளிக் கரை சேர்த்திருக்கிறார். இதைக் கேட்டதும் தங்கையின் கோபம் அழுகையாக மாறிவிட்டது.

அவளுக்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. "இனி அந்தப் பக்கமே போகாதே" என்று தடுப்பது ஒன்று. கடலுக்கு ஏற்ற உடம்பை அவனுக்கு உண்டாக்கிக் கொடுப்பது மற்றொன்று. கடலோர ஊரில் பிள்ளையைத் தடுத்தால் அவன் சொல்லாமல் போவான் என்பதைத் தாய்மார் அறிவீர்கள். ஆகவே இரண்டாவது வழியைப் பற்றியே இங்கு உங்களோடு கதைக்க விரும்புகிறேன்.

இது என்ன விளையாட்டு?

கரையை நோக்கி வரும் அலையின் சரிவில், நீண்ட பலகையொன்றின் மேல் எழும்பி நின்று வழுக்கிக்கொண்டு வருவதே கடலலைச் சறுக்கல். 'சேர்பிங்' என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான். ஹவாய்த் தீவுகளின் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை விளையாடி வந்தார்கள். ஆண்கள் மட்டுமன்றிப் பெண்களும் அலையில் ஏறினார்கள். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கும் தனிப் போட்டி நடந்தது.

பொத்துவிலுக்குத் தெற்கே மூன்று கிலோமீற்றர் அளவில், உல்லை என்று ஊரார் அழைக்கும் அறுகம்பே இருக்கிறது. சித்திரை முதல் ஐப்பசி வரை தென் இந்து சமுத்திரத்திலிருந்து வரும் அலைகள் அங்குள்ள முனைகளைச் சுற்றி வளைந்து, நீண்ட தூரம் ஒழுங்காக உடைந்துகொண்டு வரும். அந்த அலைக்காகவே உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்தே நம்முடைய பிள்ளைகளும் பழகுகிறார்கள். ஆனால் வருபவர்களில் அநேகர் சிறு வயதிலேயே முறையாக நீச்சல் படித்தவர்கள். நம் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் துணிச்சல் ஒன்றுதான்.

நிற்பது கொஞ்சம், துழாவுவது அதிகம்

படங்களில் நாம் காண்பது பலகையில் நிமிர்ந்து நிற்கும் காட்சியை மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு, இந்த விளையாட்டுக்குக் கால் பலமே முக்கியம் என்று நினைத்துவிடுகிறோம். கடலில் இருப்பவர்களைக் கவனித்து நேரத்தை அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. ஒருவர் ஒரு மணித்தியாலம் கடலில் இருந்தால் அதில் ஏறக்குறைய அரைவாசி நேரம் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் துழாவுகிறார். மூன்றில் ஒரு பங்கு அளவு நேரம் அலைக்காகக் காத்திருக்கிறார். எழும்பி நின்று அலையில் வருவது பத்தில் ஒரு பங்கும் இல்லை.

ஆகவே இந்த விளையாட்டுக்கு முதலில் வேண்டியவை தோளும், முதுகும், மூச்சும். காலின் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. எங்கள் பிள்ளை அன்று தோற்றதும் இந்த இடத்தில்தான். சைக்கிள் ஓடி ஓடி அவனுக்குக் கால் பலம் இருந்தது. தோளில் ஒன்றுமில்லை.

உம்மம்மாவின் தோள்

இதை யோசித்தபோது எனக்கு எங்கள் உம்மம்மா நினைவுக்கு வந்தார். காலையில் கிணற்றிலிருந்து இருபது முப்பது வாளி தண்ணீர் அள்ளுவார். பின்னேரம் உரலில் மா இடிப்பார். உலக்கையை உயர்த்தி இறக்கும் போதும், கயிற்றை மேலிருந்து கீழாக இழுக்கும் போதும் வேலை செய்வது அக்குளுக்குக் கீழே முதுகின் இரு பக்கமும் பரந்திருக்கும் பெரிய தசை. பலகையில் படுத்து நீரைத் துழாவுபவரின் பாரத்தைத் தாங்குவதும் பெருமளவு அதே தசைதான். உம்மம்மா ஒரு நாளும் பலகையில் ஏறவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய தோள் அவரிடம் இருந்தது.

இன்று குழாயைத் திறந்தால் தண்ணீர். மாவை மில் இடித்துத் தருகிறது. இது நல்ல விடயம்தான். உரலையும் கயிற்றையும் மீண்டும் கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று வேலையோடு வேலையாகக் கிடைத்த பலத்தை இன்று நாமாக நேரம் ஒதுக்கித்தான் தேடிக்கொள்ள வேண்டும். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு ஆகக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவும், இரண்டு நாட்கள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிடம். கடலுக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் இது பொதுவானதே.

வீட்டுக்குள்ளேயே செய்யலாம்

இதற்கு ஒரு பாயும், பழைய சைக்கிள் டியூப் ஒன்றும், ஒரு சுவரும் போதும். கிழமைக்கு மூன்று நாட்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யுங்கள். இடையிலுள்ள நாளில்தான் தசை தன்னைச் சீர்செய்து பலம் பெறுகிறது. ஆரம்பிக்குமுன் ஐந்து நிமிடம் அறைக்குள்ளேயே வேகமாக நடந்து, கைகளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

1. டியூப் இழுத்தல்: டியூபை ஜன்னல் கம்பியில் உறுதியாகக் கட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து, முழங்கை விலாவை ஒட்டிப் பின்னால் போகும்படி இழுத்து மெதுவாக விடுங்கள். 12 தடவைகள். சற்று ஓய்ந்து மறுபடியும் 12. டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அறுந்து முகத்தில் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து.

2. தோள்மூட்டைக் காத்தல்: முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்துக்கொண்டு, டியூபின் முனையை வெளிப்பக்கமாக இழுங்கள். இது மிகச் சிறிய அசைவு. ஆனால் ஓயாமல் துழாவுகிறவர்களுக்கு வரும் தோள் நோவைத் தடுக்க இது உதவும்.

3. சுவரில் தள்ளுதல்: சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி எழும்புங்கள். இது இலேசானதும் கட்டில் விளிம்பில் கைவைத்துச் செய்யுங்கள். பிறகு முழங்காலைப் பாயில் ஊன்றிச் செய்யுங்கள். கடைசியாகத் தரையில். படுத்த நிலையிலிருந்து பலகையில் எழும்புவதற்கு இந்தப் பலம்தான் வேண்டும்.

4. குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தல்: பாயில் குப்புறப் படுத்து, நெஞ்சைச் சற்றே தூக்கி ஐந்து விநாடி வைத்திருந்து இறக்குங்கள். பத்துத் தடவைகள். கழுத்தைப் பின்னால் அதிகம் மடிக்க வேண்டாம். பலகையில் படுத்திருக்கும் நேரமெல்லாம் நெஞ்சைத் தாங்கி நிற்பது இடுப்புக்கு மேலுள்ள முதுகுத் தசைகளே.

5. முழங்கையில் தாங்குதல்: முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை போல் நேராக வைத்திருங்கள். முதலில் 20 விநாடி. கிழமைக்குக் கிழமை கூட்டி ஒரு நிமிடம் வரை கொண்டுபோகலாம். மூச்சைப் பிடித்து வைத்திருக்க வேண்டாம்.

6. கதிரையில் இருந்தெழும்பல்: கைகளை ஊன்றாமல் கதிரையில் மெதுவாக இருந்து எழும்புங்கள். 15 தடவைகள். பழகியபின் கதிரையை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இவற்றோடு கிழமைக்கு மூன்று நான்கு நாட்கள் அரை மணித்தியால வேக நடை. மணலில் நடந்தால் கணுக்காலும் பலப்படும்.

கடலுக்குப் போகும் பிள்ளைக்கு இன்னுமொரு பயிற்சி இருக்கிறது. சீமெந்துத் தரையில் சோக்கால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். அதன் மேல் குப்புறப் படுத்து, விலாவருகே கைகளை ஊன்றித் தள்ளி, ஒரே மூச்சில் இரண்டு பாதங்களும் கோட்டின் மேல் குறுக்காக வருமாறு எழும்ப வேண்டும். முழங்கால் மடிந்திருக்க வேண்டும். பார்வை காலில் அல்ல, முன்னால். தரையில் ஐம்பது தடவை தடுமாறினாலும் ஒன்றும் ஆகாது. கடலில் தடுமாறினால் அடுத்த அலை மேலே வந்துவிடும்.

சீனி வருத்தம், பிரஷர், இதய நோய், மூட்டு நோவு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர்களும் வைத்தியரிடம் கேட்டபின்னே தொடங்குங்கள். தசை இறுகி நோவது இயல்பு. மூட்டுக்குள் குத்துவது இயல்பல்ல. அப்படிக் குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

நீச்சல் இல்லாமல் பலகை இல்லை

தங்கை மகனுக்கு ஒரு நிபந்தனை போட்டாள். "200 மீற்றர் தூரம் பலகையில்லாமல், நிற்காமல் நீந்திக் காட்டு. பத்து நிமிடம் தண்ணீரில் மிதந்து காட்டு. அதுவரைக்கும் பலகையைத் தொடாதே." நல்ல நிபந்தனை என்றே நான் நினைக்கிறேன். பலகை மிதக்கிறது என்ற தைரியத்தில் நீச்சல் தெரியாதவர்களும் ஆழத்துக்குப் போய்விடுகிறார்கள். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு அறுந்துவிட்டால் பிறகு அவருக்கு அவருடைய கைகள் மட்டும்தான்.

மூச்சைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். சிறிய அலையொன்று ஆளை அமுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் சில விநாடிகளே. பயந்து கைகாலை உதறினால் உள்ள மூச்சும் விரைவாகச் செலவாகிவிடும். உடம்பைத் தளர்த்திப் பொறுத்திருந்தால் அலை கடந்துவிடும். தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால், மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி மாண்டிருக்கிறார்கள்.

பிள்ளை மனப்பாடமாக்க வேண்டியவை இவை:

தனியே போகக் கூடாது. விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடம்பைப் பரப்பி விழ வேண்டும். கீழே ஆழமில்லாமல் பாறை இருக்கலாம். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும். இந்த விளையாட்டில் வரும் காயங்களில் பெரும்பகுதி சொந்தப் பலகையும் அதன் அடித்துடுப்பும் வெட்டுவதால் வருபவையே. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்து நீந்தக் கூடாது. பலகையை விடாமல் பிடித்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாக ஒரு பக்கமாக நகர வேண்டும். இழுவை குறைந்த பின்பே கரையை நோக்கித் திரும்ப வேண்டும்.

பெற்ற பலத்தைக் காப்பது

பலம் பெறுவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். பயிற்சியை அடியோடு விட்டால் சில கிழமைகளிலேயே மூச்சும் தசையும் பின்வாங்கத் தொடங்கும். கார்த்திகை முதல் மாசி வரை மழையும் கொந்தளிப்புமாகக் கிழக்குக் கடல் மூடிக்கிடக்கும். அந்த மாதங்களில் படுத்துக் கிடந்தவன் சித்திரையில் பலகையோடு ஓடினால் தோள்மூட்டுத்தான் பதில் சொல்லும். மாரிகாலமே வீட்டுப் பயிற்சிக்கு ஏற்ற காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் விசேஷமாக எதுவும் வேண்டாம். கடலுக்குப் போக இரண்டு மணித்தியாலத்துக்கு முன் அளவாகச் சாப்பிடட்டும். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், நிரம்பிய வயிற்றோடும் போக வேண்டாம். தண்ணீருக்குள் இருந்தாலும் வியர்க்கும் என்பதை மறந்துவிடுகிறோம். போகுமுன்னும் வந்த பின்னும் தண்ணீரோ இளநீரோ கொடுங்கள். சோடாப் போத்தல் வேண்டாம். வந்தபின் முட்டை, மீன், பயறு, கடலை, கீரை என்று சோற்றோடு சேர்த்துக் கொடுங்கள். எப்போதும் களைப்பு என்று சொல்லும் குமருப் பிள்ளைகளுக்கு இரத்தச் சோகை இருக்கிறதா என்று பரிசோதித்துப் பாருங்கள். சோம்பல் என்று ஏசிவிடாதீர்கள்.

நோன்பு காலத்தில் கடலை விட்டுவிட்டு, இரவில் வீட்டுக்குள் கொஞ்சமாகப் பயிற்சியைத் தொடர்ந்தால் போதும். தூக்கத்தையும் குறைக்க வேண்டாம். பலம் கூடுவது தூக்கத்தில்தான்.

"அப்ப எனக்கு?"

இத்தனையும் அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தங்கையின் பதின்மூன்று வயது மகள் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்று கேட்டாள்: "பெரியம்மா, அப்ப எனக்கு?"

சகோதரிகளே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் தங்கை நெடுநேரம் மௌனமாக இருந்தாள். அவள் எதை நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையில் சுனாமிக்கு ஆகக் கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். கரையோரக் கிராமங்கள் பலவற்றில் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களை நாம் நம் வீடுகளிலேயே காணலாம். நீந்தத் தெரியாது. மரமேறத் தெரியாது. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியவில்லை. நீண்ட உடுப்பு நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது.

சுனாமியின் வேகத்துக்கு முன்னால் நீச்சல் தெரிந்த ஆண்களும் எத்தனையோ பேர் மாண்டார்கள். அதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஓடத் தெரிந்த கால், பிடித்துத் தொங்கத் தெரிந்த கை, தண்ணீரைக் கண்டு பதறாத மூச்சு ஆகியவை ஒரு பெண்ணுக்கு வேண்டாத அலங்காரம் என்று அந்த நாளுக்குப் பிறகு யார் சொல்ல முடியும்? கடலை முற்றத்தில் வைத்துக்கொண்டு ஆண்பிள்ளைக்கு மட்டும் நீச்சல் என்பது நியாயமா?

காலமும் மாறித்தான் வருகிறது. 2018 இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்றே ஒரு சேர்பிங் கழகம் ஆரம்பமாகியது. இலங்கையில் இப்படியொரு கழகம் அதுவே முதலாவது. அதில் தாய்மாரும் இருக்கிறார்கள். உடையைப் பற்றிய தயக்கம் உள்ளவர்களுக்கும் வழி உண்டு. 2004 இல் அவுஸ்திரேலியாவில் வாழும் அஹீதா ஸனெட்டி என்ற பெண்மணி, தலை முதல் கணுக்கால் வரை மறைக்கும், நீரில் பாரமாகாத நீச்சலுடையை வடிவமைத்தார். 'புர்கினி' என்று இன்று அறியப்படுவது அதுதான். அலைச்சறுக்கலில் ஈடுபடும் ஆண்களும்கூட வெயிலுக்கும் பலகையின் உராய்வுக்கும் பயந்து முழுக்கைச் சட்டை அணிகிறார்கள். அபாயாவோடும் தளர்ந்த பருத்தி உடுப்போடும் மட்டும் ஆழத்தில் இறங்க வேண்டாம். நனைந்தால் அது ஆளைக் கீழே இழுக்கும்.

எல்லாப் பெண்பிள்ளைகளும் பலகையில் ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏறுவதும் ஏறாததும் அவரவர் வீட்டு முடிவு. பலகைக்கு முன்னால் வரும் இரண்டு படிகள், அதாவது பலமான உடம்பும் நீச்சலும், எல்லோருக்கும் உரியவை.

ஆவணியில்

ஆவணி விடுமுறைக்கு மறுபடியும் போனேன். பிள்ளை 200 மீற்றர் நீந்திவிட்டான். நான்கு மாதம் டியூப் இழுத்த தோள் இப்போது சட்டைக்குள் தெரிகிறது. புதியவர்கள் பழகும் சிறிய அலையில், கூட்டாளிகளோடு, தாயிடம் நேரம் சொல்லிவிட்டுப் போகிறான். சொன்ன நேரத்துக்கு வருகிறான். தேநீர்க் கோப்பையைத் தானே எடுத்துக் குடிக்கிறான்.

அதைவிட எனக்குச் சந்தோசம் தந்தது வேறொரு காட்சி. சுபஹுக்குப் பிறகு தங்கையும் மகளும் குசினிச் சுவரில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி ஏறினால் வரும் மூச்சிரைப்புக் குறைந்திருக்கிறது என்றாள் தங்கை. வெள்ளிக்கிழமை காலைகளில் நீந்தத் தெரிந்த மாமியொருவரோடு நாலைந்து பெண்கள் குடாவின் அமைதியான மூலைக்குப் போகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் மகள் மிதக்கப் பழகுகிறாள். தங்கை இன்னும் முழங்காலளவில்தான் நிற்கிறாளாம். "நாப்பத்திரண்டு வயசில எனக்கு எதுக்கு ராத்தா?" என்றாள். ஆனால் போகாமல் இருப்பதில்லை.

இந்தப் பக்கத்தை மூடிவைக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்ப எத்தனை பேரால் முடியும் என்றும் பாருங்கள். விடை என்னவாக இருந்தாலும், நாளைக் காலை அந்தச் சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்.